சத்தம் பார்த்து வாங்கிய எஞ்சின்

பெரிய வார்பேர்ட் கட்டுகிறவர்கள் இப்போதும் எப்போதாவது எனக்குப் போன் செய்கிறார்கள். வார்பேர்ட் என்றால் பழைய சண்டை விமானத்தைச் சிறிதாக்கிச் செய்வது. தரையில் நின்றுகொண்டு ரேடியோவால் ஓட்ட வேண்டும். போன மாதம் திருப்பதியிலிருந்து இன்ஜினியரிங் படிக்கும் பையன்கள் சிலர் பேசினார்கள். எட்டடி இறக்கையில் ஸ்பிட்ஃபயர் செய்கிறார்களாம். என்ன மோட்டார் போடலாம், லித்தியம் பேட்டரி எத்தனை செல், ரிசீவருக்குத் தனி பேட்டரி வேண்டுமா என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். இந்த லித்தியம் சமாச்சாரமெல்லாம் நான் ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு வந்தது. தெரிந்ததைச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அதற்கு முன்னால், ஓட்டப்போவது யார் என்று கேட்டேன். மறுமுனையில் சிரிப்பு கேட்டது. கிழவனுக்குக் காது மந்தம், கேள்வி சரியாக விழவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

காது எனக்கு நன்றாகவே கேட்கிறது. எஞ்சினையும் பேட்டரியையும் விமானத்தின் எடையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள்தான் அதிகம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். ஓட்டுகிற ஆளைப் பார்த்து முடிவு செய்யக் கற்றுக்கொண்டது ஒரே ஒருவரால். அவரும் இப்போது இல்லை, அவர் மனைவியும் இல்லை. யாருக்கும் மனக்கஷ்டம் வராது என்பதால் எழுதுகிறேன்.

என் கதை சுருக்கமானது. நான் சித்தூர்க்காரன். பாட்டன் காலத்திலேயே மிஷன் சபையில் சேர்ந்த குடும்பம். பள்ளி முடித்ததும் ரேடியோ ரிப்பேர் கடையொன்றில் சேர்ந்தேன். வால்வு செட் போய் டிரான்சிஸ்டர் வந்த காலம் அது. கல்லூரி மாணவர்களுக்குக் காக்கி உடுப்பு மாட்டிப் பயிற்சி கொடுக்கும் படையில் விமானப் பிரிவு ஒன்று உண்டு. திருப்பதியிலிருந்த அந்தப் பிரிவில், மாதிரி விமானம் செய்யக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஆறு மாதம் வெளியூரில் பயிற்சி கொடுத்தார்கள். பால்சா கட்டையை அறுத்தேன், விரலையும் அறுத்துக்கொண்டேன், திரும்பி வந்தேன். இன்ஸ்ட்ரக்டர் வேலையோடு ஸ்டோர் சாவியையும் என் தலையிலேயே கட்டினார்கள். தினமும் சித்தூரிலிருந்து பஸ்ஸில் திருப்பதி போவேன். சாயங்காலம் மொட்டைத் தலைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு திரும்புவேன். அப்படியே பதினைந்து வருடம் ஓடிவிட்டது. அதன் பிறகுதான் ஸ்குவாட்ரன் லீடர் முனிரத்தினம் எங்களுக்கு சி.ஓ.வாக, அதாவது பிரிவின் தலைமை அதிகாரியாக வந்தார். எண்பதுகளின் நடுப்பகுதி.

அவர் நகரிக்காரர். நெசவாளி வீட்டுப் பிள்ளை. அந்த வீட்டிலிருந்து போய் விமானப்படையில் பைலட் ஆனவர். பயிற்சிக் காலத்தில் கொஞ்ச நாள் உண்மையான ஸ்பிட்ஃபயரையே ஓட்டியிருந்தார். பிறகு ஜெட்டுகள். கண் பரிசோதனையில் ஏதோ குறை என்று பறப்பதை நிறுத்தி, மேசை வேலை கொடுத்து, கடைசியில் எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். மூக்குக் கண்ணாடி போடுகிற அளவுக்கு ஏதோ இருக்கும் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

அவருடைய பழக்கங்கள் எனக்கு இன்னும் அப்படியே நினைவில் இருக்கின்றன. ஸ்டோருக்குள் வரும்போது முதலில் கதவு நிலையை இரண்டு விரலால் தொடுவார். மேசையில் டீ கிளாஸை வைக்கும் முன் உள்ளங்கையால் பலகையை ஒரு தரம் தடவிப் பார்ப்பார். நான் ஈயம் வைத்த இணைப்புகளைக் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாக நெருடுவார். பொங்கி நிற்கும் இணைப்பைக் கண்டால் அதைச் சொல்ல மாட்டார்; வயரைப் பிடித்து ஓர் இழுப்பு இழுப்பார், கையோடு வந்துவிடும், அதை என் முன்னால் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவார். எனக்கு ஆத்திரமாக வரும். ரேடியோக் கடையில் வளர்ந்தவனுக்கு ஈயம் வைக்கச் சொல்லிக்கொடுக்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி வைப்பேன். ஆபீசில் எல்லார் முன்னாலும் இங்கிலீஷ்தான் பேசுவார். ஸ்டோர் கதவு சாத்தியிருந்தால் நகரித் தமிழ் வந்துவிடும். நைனா, தறி, இன்னாப்பா, போய்க்கினு, வந்துக்கினு எல்லாம் வரும். எனக்கும் அதுதான் வீட்டுப் பேச்சு. அதனாலேயே அவர் அடிக்கடி ஸ்டோருக்கு வந்தாரோ என்று பின்னால் நினைத்தேன்.

வந்த சில மாதத்திலேயே, ஆண்டு முகாமில் பறக்கவிட ஒரு பெரிய ஸ்பிட்ஃபயர் வேண்டும் என்றார். எவ்வளவு பெரிது என்றேன். எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்றார். அதுவரை நாங்கள் செய்தது நாலடி, ஐந்தடி. எட்டடி என்றால் வேறு கணக்கு. எஞ்சின், செர்வோ, பேட்டரி எல்லாமே மாறும். இறக்கையின் அடிப்பக்கம் முழுக்கக் காவி ஆரஞ்சு அடிக்க வேண்டும் என்றும் சொன்னார். ஸ்பிட்ஃபயருக்கு எந்த ஊரில் ஆரஞ்சு வயிறு என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

நான் ஸ்பிட்ஃபயரே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அதன் சக்கரக் கால்கள் நெருக்கமாக இருக்கும். தரையில் கொஞ்சம் சாய்ந்தாலும் இறக்கை நுனி மண்ணைத் தொடும். வேகம் குறைந்தால் நுனி முதலில் சோர்ந்து, விமானம் ஒரு பக்கமாகப் புரண்டு விழும். ஹரிக்கேன் என்றால் இறக்கை தடிமன், கால்கள் அகலம், எதையும் பொறுத்துக்கொள்ளும். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் இறக்கியது ஸ்பிட்ஃபயரைத்தான் என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. நான் இறக்கை நுனிகளைக் கண்ணுக்குத் தெரியாத அளவு முன்பக்கம் கீழ்நோக்கி முறுக்கிக் கட்டினேன். அப்படிச் செய்தால் வேகம் குறையும்போது நுனி கடைசியில்தான் சோரும். கால்களையும் கொஞ்சம் அகலப்படுத்தினேன். சொல்லவில்லை. அவர் கையால் தடவியே கண்டுபிடித்துவிட்டார்.

எஞ்சின் விஷயத்தில்தான் பெரிய தலைவலி. மாதிரி விமானத்துக்கென்றே வரும் எஞ்சின்கள் மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்து ஓடுபவை. விளக்கெண்ணெய்க்கு நம் பக்கம் பஞ்சமில்லை. மெத்தனாலுக்கு லைசென்ஸ் கேட்டு அலைய வேண்டும். எட்டடி விமானத்தை இழுக்கிற அளவு பெரிய எஞ்சினை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது அதைவிடக் கஷ்டம். நான் ஒரு யோசனை சொன்னேன். தோட்டங்களில் முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிப்பார்களே, அந்த பவர் ஸ்பிரேயர் எஞ்சின் பெட்ரோலில் ஓடுகிறது. முப்பத்தைந்து சி.சி. இருக்கும். எடை அதிகம்தான். ஆனால் சண்டை விமானத்துக்கு எப்படியும் மூக்கில் எடை வேண்டும். ஈயக்கட்டி வைப்பதற்குப் பதில் எஞ்சினே கனமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அவரை அழைத்துக்கொண்டு சித்தூரில் விவசாய மெஷின்கள் விற்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் நாலு விதமான ஸ்பிரேயரை எடுத்து வைத்தார். நான் பிஸ்டன், கார்புரேட்டர் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சி.ஓ. எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஏற்று என்பார், இறக்கு என்பார், அணை என்பார், அடுத்தது என்பார். கடைக்காரர் தெலுங்கில் என் காதருகே, "பெத்தாயனக்கு ஏமைந்தி?" என்று கேட்டார். பெரியவருக்கு என்ன ஆயிற்று என்கிறார். ஆபீசர்களுக்கு அப்படித்தான் என்றேன். மூன்றாவது எஞ்சினை மறுபடி ஓட்டச் சொன்னார். அதன் சத்தம் மற்றவை போலக் கீச்சென்று இல்லாமல் அடிவயிற்றிலிருந்து வந்தது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் குரல் மாறுவது தெரிந்தது. அதுதான் வேண்டும் என்றார். எடையில் அது மற்றவற்றைவிடக் கூடுதல், பலத்தில் ஒரு மாற்று குறைவு. நான் எடுத்துச் சொன்னேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அந்த எஞ்சினில் ஸ்பார்க் கொடுப்பது மேக்னெட்டோ. ஸ்பார்க் ஒவ்வொரு தரம் பாயும்போதும் அதுவே ஒரு சின்ன ரேடியோ ஸ்டேஷன் மாதிரி இரைச்சலைக் கிளப்பும். விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு செர்வோவை உதற வைக்கும். செர்வோ என்பது ஓட்டுகிறவர் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டர் சொல்கிறபடி இறக்கை, வால் மடல்களை அசைக்கிற சின்ன மோட்டார். அது வானத்தில் உதறினால் கதை முடிந்தது. இந்த இடத்தில் நான் ரேடியோக் கடையில் இருந்த காலத்துப் படிப்பு கைகொடுத்தது. பிளக் வயருக்குப் பின்னல் கம்பி உறை போட்டு எஞ்சினோடு சேர்த்துக் கட்டினேன். ரிசீவரை எஞ்சினிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு பின்னால் பஞ்சு சுற்றி வைத்தேன். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பியும் இரைச்சலைக் கடத்தும் என்பதால் அதை எடுத்துவிட்டு மூங்கில் குச்சி போட்டேன். ரிசீவருக்கு நிக்கல்-காட்மியம் செல் நாலு. சாதாரண டார்ச் செல் போட்டால் ஆறு செர்வோவும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது சோர்ந்துபோகும். ஒரு செட் போதும் என்பது அந்தக் காலத்து வழக்கம். நான் இரண்டு செட் வைத்தேன், இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். ஒன்று செத்தாலும் மற்றது வண்டியைக் கீழே கொண்டுவரும்.

பிறகு தூரச் சோதனை. டிரான்ஸ்மிட்டர் ஏரியலை உள்ளே தள்ளிவிட்டு, நான் ஓரடி ஓரடியாகப் பின்னால் போவேன். ஸ்டோர் அட்டெண்டர் விமானத்தைப் பிடித்துக்கொண்டு, மடல்கள் ஒழுங்காக அசைகிற வரை கையைத் தூக்கியபடி நிற்பார். முதலில் எஞ்சின் அணைத்து, பிறகு ஓடவிட்டு. இரண்டுக்கும் தூரம் ஒன்றாக வருகிறவரை நான் விடவில்லை. சி.ஓ. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எஞ்சின் ஓடுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பார். வேறு வேலையே இல்லையா இந்த மனிதருக்கு என்று எனக்குத் தோன்றும்.

சந்திரகிரிக் கோட்டை மலைக்கு இந்தப் பக்கம் ஒரு வறண்ட ஏரி இருந்தது. மழை ஏமாற்றிய வருடங்களில் அதன் தரை கட்டாந்தரையாகக் கிடக்கும். எங்கள் பறக்கும் மைதானம் அதுதான். பெரியது முடிவதற்குள் கை பழகட்டும் என்று அவர் ஐந்தடி விமானம் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை அது அவர் தலைக்கு மேலே போய் வலப்பக்கம் திரும்பியது. அவர் முகம் திரும்பவில்லை. விமானம் இருந்த இடத்தை, இப்போது வெறும் வானமாக இருந்த இடத்தை, நிதானமாகப் பார்த்துக்கொண்டே நின்றார். கை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தது. நான் சட்டென்று அவர் கையிலிருந்து டிரான்ஸ்மிட்டரை வாங்கி இறக்கினேன். கதவு நிலை, டீ கிளாஸ், ஆரஞ்சு வயிறு, சுவரைப் பார்த்து நின்றது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

ஜீப்பில் திரும்பும்போது அவரே சொன்னார். முதலில் இருட்டில் கண் தெரியாமல் போனதாம். பிறகு ஓரங்கள் போயினவாம். இப்போது குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல் நேர் எதிரே ஒரு துண்டு மட்டும் தெரிகிறது, அதுவும் மாதத்துக்கு மாதம் சுருங்குகிறது. மருந்தில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அடுத்த மெடிக்கல் போர்டோடு வேலை முடிந்தது. அதற்குள் ஒரு தரம் ஸ்பிட்ஃபயரை ஏற்றி, தானே இறக்க வேண்டும். பெரியதாக இருந்தால் தெரியும் என்று நினைத்தாராம். தெரியாவிட்டாலும் சத்தம் இருக்கிறது என்று நினைத்தாராம்.

"எங்க வூட்ல எட்டுத் தறி ஓடும், மாஸ்டர். எங்க நைனா வாசல்ல ஒக்காந்து துன்னுக்கினே, மூணாவது தறில இழை அறுந்துட்ச்சுன்னு சொல்வாரு. எழுந்து வந்து பாக்கவே மாட்டாரு. அந்தக் காது எனுக்கும் கீது" என்றார்.

தறி ஓர் இடத்தில் நின்று ஓடுவது, விமானம் அப்படி இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தெரியாதா? நானூறு மைல் வேகத்தில் பறந்த மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்து, சாலையில் என்ன வருகிறது என்று தெரியாமல், ஜீப் குலுங்கும்போதெல்லாம் கம்பியைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றுமுதல் அவர்மேல் ஆத்திரப்பட என்னால் முடியவில்லை.

அதன் பிறகு நான் எல்லாவற்றையும் காதை வைத்து யோசிக்கத் தொடங்கினேன். ஏறும்போதும் சுற்றும்போதும் எஞ்சின் பேசும். இறங்கும்போது எஞ்சினைக் குறைக்க வேண்டுமே, அப்போது என்ன கேட்கும்? இறங்குவதுதான் அவருக்கு வேண்டியது, அங்கேதான் சத்தம் இல்லை. பழைய இரட்டை இறக்கைப் பயிற்சி விமானங்களில் இறக்கைகளைப் பிணைக்கும் கம்பிகள் காற்றில் பாடும், அந்தச் சுருதியை வைத்தே வேகத்தைத் தெரிந்துகொள்வோம் என்றார் அவர். ஸ்பிட்ஃபயருக்குக் கம்பி கிடையாது. எங்கள் மைதானத்தை ஒட்டி வேர்க்கடலைக் கொல்லைகள். பறவைகளை விரட்ட, அறுந்துபோன கேசட் நாடாவை இழுத்துக் குச்சிகளுக்கு நடுவில் கட்டியிருப்பார்கள். காற்றடித்தால் அது 'ங்ங்' என்று ரீங்காரம் போடும். ஒரு நாள் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது காற்று கிளம்பியது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு, அது என்ன என்று கேட்டார்.

அடுத்த வாரமே விமானத்தின் இரண்டு இறக்கைக்கும் அடியில் சின்ன மூங்கில் முளை அடித்து, நாடாவை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். வேகம் கூடினால் குரல் உயரும், குறைந்தால் தணியும். விமானம் விழுகிற வேகத்துக்கு வரும் முன் அது முனகல் போல ஆகும். நான் ஓட்டிக் காட்ட, அவர் கேட்டுக் கேட்டுப் பழகினார். பிறகு அவர் ஓட்டினார். ஒரே மாதிரி டிரான்ஸ்மிட்டர்கள் இரண்டை வயரால் இணைத்துக்கொள்வோம். கற்பிக்கிறவன் தன் பெட்டியில் ஒரு சுவிட்சை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, ஓட்டுவது மற்றவர். விரலை எடுத்துவிட்டால் விமானம் இவன் கைக்கு வந்துவிடும். பெரிய விமானம் என்பதால் வயர் இல்லாமல் விடமாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அவர் ஒப்புக்கொண்டார். ஏற்றுவார், மைதானத்தைச் சுற்றி வருவார். மனதுக்குள் எண்ணிக்கொண்டு திருப்புவார். ஒவ்வொரு தரமும் இறங்க வரும்போது மட்டும் நான் எடுத்துக்கொள்வேன். அவரும் பேசாமல் விடுவார்.

முகாமின் கடைசி நாளுக்கு முந்தின நாள் அதற்கு முடிவு கட்டினார். "நாளைக்கு வெரலை எடுக்காத, மாஸ்டர். ஒடைஞ்சா ஒடையட்டும். நான் எறக்கி ஒடைச்சதா இருக்கட்டும்" என்றார். சரி என்றேன்.

அன்று மதியமே அவர் மனைவி லலிதாம்மா டிபன் கேரியரோடு ஸ்டோருக்கு வந்தார். அவர் அதிகம் பேசாதவர். கணவருக்கு முன்னால் ஓரடி நடந்து, வழியில் கிடப்பதைக் காலால் ஓரம் தள்ளிவிட்டுப் போவார். பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. கேரியரை மேசைமேல் வைத்துவிட்டு, விமானத்தின் மூக்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

"அவரு ஓட்டட்டும் அண்ணா. நான் வேணான்னு சொல்லல. ஆனா அது ஒடையற சத்தத்தை அவரு கேக்கக் கூடாது. இனிமே அவருக்கு இருக்கறது காது ஒண்ணுதான். அதுவும் ஏமாத்திட்ச்சின்னா எதை நம்பி எழுந்து நடப்பாரு? நீங்க எடுத்து எறக்கிடுங்க. எடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

அவருக்கும் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பஸ்ஸில் வீடு திரும்பும்போது இரண்டு சரியும் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றன. இறக்கிவிடுவார், நான் விரலை எடுக்கவே வேண்டியிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்கால ஆராதனையில் எங்கள் சபை ஐயர் ஜெபிக்கச் சொன்னபோது நான் ஜெபித்தது அதற்குத்தான். மாணவர்கள் நிற்பது வலப்பக்கம், காற்று மட்டும் இடமிருந்து வராமல் இருக்கட்டும் என்று தனியாகவும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை மைதானத்தில் மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். வரிசைக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் லலிதாம்மா. நான் செல்களை ஒரு முறை மீட்டர் வைத்துப் பார்த்தேன், நாடாவின் விறைப்பை விரலால் சுண்டிப் பார்த்தேன், தூரச் சோதனையை மறுபடி செய்தேன். விமானத்தை மைதானத்தின் நடுக்கோட்டில் நேராக வைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். காதை மறைக்கிறதாம்.

ஏறியது அழகாக ஏறியது. அந்த அடிவயிற்றுக் குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. மாணவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று. விமானம் நேர் எதிரே வந்தபோது அவர் முகத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்தேன். மாறவில்லை. ஆரஞ்சு அவர் கண்ணில் படவே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குத் தெரிவதாக என்னிடம் சொன்ன அந்தத் துண்டும் போய்விட்டிருந்தது. ஆனாலும் கை உறுதியாக இருந்தது. ஸ்பிட்ஃபயர் அவர் சொன்னபடி கேட்டது. நான் என் சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றேன். கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது.

மூன்றாம் சுற்று முடிந்து இறங்கத் திருப்பினார். எஞ்சினைக் குறைத்தார். நாடாவின் குரல் மேலே வந்தது. குரல் உயர்ந்தால் மூக்கைத் தூக்கினார், தணிந்தால் விட்டுக்கொடுத்தார். உயரம் சரி, வேகம் சரி. என் வாழ்நாளில் பார்த்த இறக்கங்களில் அவ்வளவு சீரானது சிலதான். அப்போது இடப்பக்கத்திலிருந்து காற்று வீசியது. பலமான காற்றுகூட இல்லை. விமானம் கோட்டை விட்டு வலப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கியது. நேராக நம்மை நோக்கி வருகிற சத்தம் சிறிது விலகி வருகிறதா என்று காது சொல்லாது. அவருக்கு எல்லாம் சரியாகவே கேட்டிருக்கும். வலப்பக்கத்தில் மாணவர் வரிசை இருந்தது. வரிசையின் இந்த முனையில் நாற்காலி இருந்தது. விமானம் அந்த நாற்காலியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. லலிதாம்மா எழுந்திருக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விரலை எடுத்தேன்.

இடப்பக்கம் சாய்த்து, கோட்டுக்குக் கொண்டுவந்து, வாலைத் தாழ்த்தி, மூன்று சக்கரமும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்படி இறக்கினேன். கொஞ்ச தூரம் உருண்டு நின்றது. நாடா அடங்கியது. எஞ்சினையும் அணைத்தேன். மாணவர்கள் கைதட்டினார்கள், சிலர் விசிலடித்தார்கள். அவர் கை மட்டும் ஸ்டிக்கில் அப்படியே இருந்தது.

இறங்கிவிட்டதா என்று கேட்டார். இறங்கிவிட்டது என்றேன். விமானத்திடம் அழைத்துப்போகச் சொன்னார். முழங்கையைப் பிடித்து அழைத்துப்போனேன். எல்லார் முன்னாலும் அவர் என்னை அப்படிப் பிடிக்கவிட்டது அதுதான் முதல் தடவை. விமானத்தின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். ப்ரொபெல்லரை நுனியிலிருந்து நுனி வரை தடவினார். சக்கரக் கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்த்தார். இறக்கை நுனி இரண்டையும் கட்டைவிரல் நகத்தால் நெருடினார். வாலுக்குப் போனார், மறுபடி மூக்குக்கு வந்தார். ரொம்ப நேரம் ஆயிற்று.

"ஒரு கீறல்கூட இல்லியே, மாஸ்டர்" என்றார்.

நன்றாக இறக்கினீர்கள் சார் என்றேன்.

"காணிப்பாக்கத்துல வந்து சொல்வியா?"

எங்கள் ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். வரப்புத் தகராறு முதல் கல்யாணத் தகராறு வரை, காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் செய்யக் கூப்பிட்டால், பொய் சொன்னவன் பாதி வழியிலேயே ஒப்புக்கொண்டுவிடுவான். நான் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன்; அந்தக் கோயிலுக்குள் காலடி வைத்தவனில்லை. இருந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது என் வாய் திறக்கவில்லை. அவர் காத்திருந்தார். நான் திறக்கப் போவதில்லை என்று தெரிந்ததும், தலையை ஒரு முறை ஆட்டினார். கை இன்னும் சக்கரத்தின்மேல் இருந்தது.

"நானா எறக்கியிருந்தா ஒரு காலாச்சும் வளைஞ்சிருக்கும்" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். ஏன் எடுத்தேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். உங்கள் வீட்டம்மா மேலேயே வந்தது என்று எப்படிச் சொல்வது? அவர் கண்களில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு நான் செய்தது நன்மையா தீமையா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. விரலை எடுத்தது சரி என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. சரியாகச் செய்த ஒரு காரியம் இவ்வளவு காலம் உறுத்துமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

பின்னால் லலிதாம்மாவின் விம்மல் கேட்டது. நாற்காலியை விட்டு எழுந்து எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். சி.ஓ.வின் காது அதையும் பிடித்துவிட்டது. குரலைத் தணித்து என்னிடம் சொன்னார்: "அவளுக்குத் தெரிய வேணாம். நான் எறக்கினேன்னு நெனச்சிக்கினு அழுவுறா பாரு."

அந்த அம்மாள் வந்து அவர் தோளில் கை வைத்தார். "பாத்தீங்களா, நீங்களே எறக்கிட்டீங்க" என்றார்.

"ஆமா. நானே எறக்கிட்டேன்" என்றார் அவர்.

லலிதாம்மா அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் குனிந்து ரிசீவர் சுவிட்சுகள் இரண்டையும் அணைத்தேன்.